டிகிரி பாயும் பொய் சொல்லும் ஹீட்டர்களும்

திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு மீனுக்குக் குளிருமே என்று கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியான பேகம்பூர் முழுக்க அவரை ‘டிகிரி பாய்’ என்றுதான் சொல்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், ஏதோ பெரிய படிப்பு போல என்று நினைத்து எழுந்து நின்று சலாம் வைப்பார்கள். அந்த டிகிரியை பாய் காலேஜிலேயே பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். இது வேறு டிகிரி. தண்ணீரின் சூடு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய அண்ணன் பிரியாணிக் கடை நடத்துகிறார். பாய்க்கும் அதில் பங்கு உண்டு. கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். பாய் கல்லாவைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தார். மாஸ்டர் நீட்டிய கிளாஸை வழியிலேயே மறித்து, நீளமான ஒரு தெர்மாமீட்டரை அதற்குள் விட்டு, “எழுபத்தஞ்சுல இருக்கு. செத்த நேரம் பொறுங்க, நாக்கு வெந்துரும்” என்றார். பழனி பஸ்ஸைப் பிடிக்க நின்றிருந்த ஒருவர் பதறிப்போய், “ஏனுங்க, டீக்குக் காய்ச்சலுங்களா?” என்று கேட்டார்.

அந்தத் தெர்மாமீட்டர் அன்றைக்கே அண்ணன் கையால் உடைந்தது. பாயைக் கல்லாவிலிருந்து எழுப்பி, கடை வாசலில் இருந்த மீன் தொட்டிக்கு மட்டும் பொறுப்பாக்கினார்கள். அண்ணன் அதைத் தண்டனை என்று நினைத்தார். பாய் பதவி உயர்வு என்று நினைத்தார்.

நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று, பாய் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஹீட்டர். அதன் தலையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு.

என் கணவர், “மாடி வாடகைக்கின்னு...” என்று ஆரம்பித்தார்.

“ஷ்ஷ்! பேசாதீங்க. அணையப் போகுது.”

நாங்களும் குனிந்து பார்த்தோம். எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பரபரப்பு எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கடைசி ஓவரில் கடைசிப் பந்துக்குக் காத்திருப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்கு பொட்டென்று அணைந்தது.

“அணைஞ்சிருச்சு!” என்று பாய் துள்ளி எழுந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடு எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா எட்டிப் பார்த்து, “வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கத் தோணுதா பாருங்க. தண்ணிக்குள்ளயே கெடக்குறாரு, தண்ணி குடுக்கத் தெரியல” என்றார்.

பாயின் சித்தாந்தத்தை அடுத்த ஒரு வாரத்தில் நான் மனப்பாடம் செய்துவிட்டேன். வெயில் காலத்தில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஆனால் ஐப்பசி மழை விட்டு, மார்கழி பிறந்து, சிறுமலைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போகும். வெளிநாட்டு மீன்களுக்கு அது ஆகாது. ஹீட்டர் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, அதை நம்பக் கூடாது.

“உள்ளுக்குள்ள ஒரு தகடு இருக்கு தங்கச்சி. சூடாச்சுன்னா வளையும், கரண்டு விட்டுரும். ஆறிப்போச்சுன்னா நிமிரும், கரண்டு வந்துரும். வளைஞ்சு நிமிர்ந்து, வளைஞ்சு நிமிர்ந்து எத்தன நாளைக்குத்தான் அது சரியா இருக்கும்? நம்ம முதுகு மாதிரிதான். திருகுல இருபத்தெட்டுன்னு போட்டிருக்கும். உள்ள முப்பதுல போயி நிக்கும். வயசானா எல்லாத்துக்கும் ஒரு விலகல் வந்துரும்.”

அதனால் குளிர் தொடங்கும் முன்பு ஒவ்வொரு ஹீட்டரையும் வாளித் தண்ணீரில் விட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து, திருகு சொல்லும் சூட்டில்தான் விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். விலகியிருந்தால் மேலே இருக்கும் சின்ன வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய்மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். நூர்ஜஹான் அக்கா ஊறுகாய்க்கு வாங்கி வைத்த எலுமிச்சம்பழங்கள் எங்கே போயின என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சேவையை பாய் தன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. திண்டுக்கல்லில் எந்தக் கடை வாசலில், எந்த வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தாலும் பாய் உள்ளே நுழைந்துவிடுவார். துணிக்கடைக்குப் போவார், துணி எடுக்க மாட்டார். பல் டாக்டரிடம் போவார், வாயைத் திறக்க மாட்டார். நேரே தொட்டிக்குப் போய், சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே விடுவார். அது அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. “சிங்கப்பூர் சாமான்” என்று அதைத் துடைக்கும்போதே குரல் தழுதழுக்கும். முதலில் எல்லோரும் எரிச்சல்பட்டார்கள். மீன்கள் தெம்பாக வளைய வந்ததைப் பார்த்த பிறகு அவர்களே போன் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பங்குத் தந்தையின் அறையில் இருந்த தொட்டிக்குக்கூட பாய்தான் பொறுப்பு. “ஃபாதரு வீட்டுக் கப்பி மீனுக்கு நான்தான் காவல் தூதன்” என்று மார் தட்டுவார்.

அந்த வருஷ மார்கழியில்தான் பாயின் மகள் ரிஸ்வானாவுக்கு வடமதுரையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் நல்ல பையன். ரிஸ்வானாவுக்குப் பிடித்திருந்தது என்பது அவள் போனைக் கையிலிருந்து கீழே வைக்காததிலிருந்து தெருவுக்கே தெரிந்தது. பையனின் அத்தா தோல் வியாபாரம் செய்பவர், மக்காவுக்குப் போய் வந்தவர். அவரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க எங்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் ‘கை நனைப்பது’ என்றால், அங்கே சாப்பிடுவது. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானதாக அர்த்தம். பாயும் கை நனைத்தார். மீன் தொட்டிக்குள்.

ஹாஜியார் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு தொட்டி. அதற்குள் வெள்ளி வாள் மாதிரி ஒரு அரோவனா மீன். பெயர் சுல்தான். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் வியாபாரம் விருத்தியானது என்று ஹாஜியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாயின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. நூர்ஜஹான் அக்கா, “வேணாங்க” என்று கண்ணால் கெஞ்சினார். கேட்டால்தானே!

“சம்மந்தி, ஒங்க ஹீட்டர் பொய் சொல்லுது.”

ஹாஜியார் முகம் மாறியது. “இந்த வீட்ல பொய் சொல்ற சாமான் ஒண்ணுங் கெடையாது.”

“இருபத்தெட்டுன்னு வச்சிருக்கீங்க. இங்க பாருங்க, முப்பத்தொண்ணு. சுல்தான் வெந்துக்கிட்டு இருக்காரு!”

“இம்புட்டு வருசமா வேகாதவரு, நீங்க வந்ததும் வெந்துட்டாராக்கும்?”

அத்தோடு விட்டிருக்கலாம். பாய் தொட்டி மூடியைத் தூக்கி, ஹீட்டரின் திருகைத் தானே கீழே இறக்கிவிட்டார். அடுத்தவர் வீட்டுத் தொட்டி, அடுத்தவர் வீட்டு அதிர்ஷ்டம், அதில் கையை விட்டு! ஹாஜியார் எழுந்துவிட்டார். “மொதல்ல கைய வெளிய எடுங்க” என்றார். அந்தக் குரலைக் கேட்டு உள்ளே தாளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மட்டன் குழம்பும் நாலு வகை வெஞ்சனமும் இலைக்கு வராமலே நாங்கள் கிளம்பினோம். “யோசிச்சுச் சொல்றோம்” என்று வாசலில் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் பேசிய எல்லோருக்கும் தெரியும். ரிஸ்வானாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் அத்தாவோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, “அம்மா, அவருகிட்ட சாப்பிடச் சொல்லு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

பாய் உடைந்துபோனார் என்று நினைக்காதீர்கள். அவர் ஆதாரம் திரட்டக் கிளம்பிவிட்டார். ஹீட்டர் எப்படியெல்லாம் விலகும் என்று ஹாஜியாருக்கு நிரூபித்துக் காட்டினால் சம்பந்தம் தானாகத் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. வெவ்வேறு கம்பெனிகளின் புத்தம் புது ஹீட்டர் மூன்று வாங்கிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் மூன்று வாளி. மூன்றிலும் திருகு இருபத்தெட்டில். எங்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். முதல் விளக்கு அணைந்தபோது தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது. இரண்டாவதும் முப்பத்தொன்று. மூன்றாவதும் அதே முப்பத்தொன்று.

“பாத்தியளா! பாத்தியளா!” என்று பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். “புதுசே பொய் சொல்லுது! எல்லாக் கம்பெனிக்காரனும் கூட்டுச் சேந்து ஏமாத்துறான்! நாடு பூரா மோசடி தங்கச்சி! இத சும்மா விடக்கூடாது!”

ரிஸ்வானா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நேராக அவரிடம் பேசினாள்.

“அத்தா, மூணு பேரு தனித்தனியா வந்து ஒரே விஷயத்தச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க. அப்ப பொய் சொல்றது யாரு?”

“நானா சொல்றேன்? தெர்மாமீட்டரு சொல்லுது.”

“அதுக்கு வயசாகலையா?”

பாய் தெர்மாமீட்டரை வாளியிலிருந்து எடுத்துக் கைலியில் துடைத்தார். எல்லாத்துக்கும் ஒரு விலகல் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், தன் சட்டைப் பையில் இருப்பதற்கும் வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சிங்கப்பூர் சாமான் அல்லவா!

ரிஸ்வானா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எதிர் ஜூஸ் கடையில் ஒரு கட்டி ஐஸ் வாங்கி வந்து, துணியில் சுற்றி உடைத்து, ஒரு சொம்பில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். உருகிக்கொண்டிருக்கும் ஐஸில் தெர்மாமீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது பாய்க்கும் தெரியும். வாங்கிய புதிதில் அவரே பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. எல்லோரும் சொம்பைச் சுற்றிக் குனிந்தோம். சிவப்புக் கோடு இறங்கியது, இறங்கியது, மூன்றில் வந்து நின்றது. அசையவில்லை. ஐஸை இன்னும் கொஞ்சம் போட்டுக் கலக்கிப் பார்த்தாள். மூன்று.

பாய் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிக் குழாய்க்குள் எண்கள் அச்சடித்த ஒரு காகிதப் பட்டை இருக்கும். அது ஒட்டு விட்டுக் கீழே சரிந்திருந்தது. என்றைக்கோ எந்தத் தொட்டியிலோ இடித்திருக்கிறது. அன்றிலிருந்து அது எல்லாவற்றையும் மூன்று கூட்டியே காட்டியிருக்கிறது.

நூர்ஜஹான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மனிதர் அழப்போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பாய் விரல் விட்டு எதையோ எண்ண ஆரம்பித்தார். “பல் டாக்டரு... ஃபாதரு... துணிக்கடை... அண்ணன் கடை... யா அல்லா, அம்புட்டுத் தொட்டியையும் மூணு கொறைச்சு வச்சிருக்கேனே! அம்புட்டும் குளிர்ல நடுங்குதே!”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த மார்கழியில் ஊரிலிருந்த மீன்களெல்லாம் ஒரு மாதிரி சோம்பிப்போய்க் கிடந்தன. பல் டாக்டர் கிளினிக்கில் குளிரைத் தாங்கும் தங்கமீன் தவிர மற்றதெல்லாம் மூலையில் ஒடுங்கிக் கிடந்ததைப் பார்த்து, ‘பல் பிடுங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டன போல’ என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

“மொதல்ல எங்க போறீங்க?” என்றார் அக்கா.

“வடமதுரைக்கு. சுல்தான்தான் பெரிய ஆளு. தாங்க மாட்டாரு.”

“நீங்க திருப்புனத அவரு அப்பவே மாத்தி வச்சிருப்பாருங்க.”

“மாத்தலைன்னா?”

என் கணவர் காரை எடுத்தார், அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம். பாய் மூன்று புது ஹீட்டர்களையும் மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பும்போது கடையில் வாங்கிய ஒரு புதுத் தெர்மாமீட்டரைப் போகும் வழியெல்லாம் ஐஸ் சொம்பில் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஐஸ் தண்ணீர் என் கணவரின் முதுகில் தெறித்தது. “பூஜ்யம்! சரியாக் காட்டுது!” என்று பாய் கத்தும்போதெல்லாம் அவர் சீட்டிலிருந்து ஒரு அடி எழும்பினார்.

ஹாஜியார் வீட்டு வாசலில் இறங்கிய பாய் உள்ளே போகவில்லை. தெருவில் நின்றபடியே, நாலு வீட்டுக்குக் கேட்கும் குரலில் சொன்னார்:

“ஹாஜியாரே! ஒங்க ஹீட்டரு பொய் சொல்லல. பொய் சொன்னது என் தெர்மாமீட்டரு. அத நம்புன மடையன் நான். மன்னிச்சிருங்க. மன்னிக்காட்டியும் பரவால்ல, சுல்தானை மட்டும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிர்றேன்!”

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஹாஜியார் வெளியே வந்தார். திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. நாலு நாள் தூங்காத முகம்.

“உள்ள வாங்க” என்றார். “சாப்பிட மாட்டேங்குது.”

சுல்தான் தொட்டியின் அடியில் ஒரு மூலையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. வெள்ளிப் பளபளப்பு மங்கிப்போயிருந்தது.

“திருகை நீங்க பழையபடி வைக்கலையா?” என்று பாய் கேட்டார்.

ஹாஜியார் தரையைப் பார்த்தார். “வைக்கல. ஒரு மனுசன், மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த எடத்துல, எல்லாம் கெட்டுப்போகும்னு தெரிஞ்சும் இம்புட்டு உறுதியாச் சொல்றாரே, அதுல ஏதோ உண்மை இருக்கும்னு விட்டுட்டேன்.”

பாய் அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுவரை வாசலில் தயங்கி நின்ற நாங்களும் உள்ளே போனோம்.

சூட்டை ஒரேயடியாக ஏற்றக் கூடாது, ஏற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மீன் போய்விடும். பாய் கொண்டுவந்த புது ஹீட்டர் ஒன்றைத் தொட்டியில் விட்டு, அதன் திருகை ஒரு மயிரிழை மட்டும் ஏற்றினார். பழைய ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அவசரமில்லாமல் ஆறவிட்டு வெளியே எடுத்தார், உப்பைத் துடைத்தார், வாளியில் வைத்துச் சோதித்தார். அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. “தங்கமான ஹீட்டரு சம்மந்தி, தங்கம்” என்று அதைத் தடவிக் கொடுத்தார். இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதியம் உள்ளேயிருந்து சாப்பாடு வந்தது. தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்கள். கை நனைத்தாயிற்று என்பதை அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நூர்ஜஹான் அக்கா கவனித்தார். என் விலாவில் ஒரு இடி இடித்தார். மூன்று நாள் வலித்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டில் பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பாய் போனை வானத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, “சாப்டாரு! சாப்டாரு! நாலு எறா சாப்டாரு!” என்று ஆடிக்கொண்டிருந்தார். வீடியோ காலில் சுல்தான் விசுக்கென்று திரும்பி ஒரு இறாலைக் கவ்வுவதும், பின்னால் ஹாஜியார் “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்துவதும் தெரிந்தது. தெருவில் போன ஒருவர், “யாரு பாய், மாப்ளயா?” என்று கேட்டுவிட்டுப் போனார். போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் ஹாஜியார், “ஆங், கேக்க மறந்துட்டேன் சம்மந்தி. கல்யாணத்துக்குத் தேதி பாக்க வேண்டாமா?” என்றார். ரிஸ்வானா உள்ளே ஓடிவிட்டாள். எதிலோ தடுக்கி விழுந்த சத்தம் கேட்டது. வாளியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கத் திண்டுக்கல் ஒரு காட்சியைப் பார்த்தது. ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பெரிய மனிதர்கள். முன்னால் ஹாஜியார், பின்னால் வாளியோடு டிகிரி பாய். பாய் எந்தெந்தத் தொட்டியைத் தொட்டாரோ அங்கெல்லாம் போனார்கள். எந்த வீட்டிலும் பாய் நைசாகத் திருகைத் திருப்பிவிட்டு நழுவவில்லை. “நான்தான் தப்பா வச்சேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். பல் டாக்டர், “அதான பாத்தேன், எல்லாம் ஐஸ் கிரீம் சாப்ட்ட மாதிரி கெடந்துச்சு” என்றார். ஃபாதர் முழுவதையும் கேட்டுவிட்டு, “பாய், எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இவ்வளவு தெளிவாப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனதில்ல” என்று சொல்லி இரண்டு பேருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். துணிக்கடையில் சில மீன்கள் போய்விட்டிருந்தன. பாய் வீட்டுக்கு வந்து தன் தொட்டியிலிருந்த நல்ல ஜோடி ஒன்றைப் பையில் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் தொட்டியில் விட்டுவிட்டு வந்தார்.

ரிஸ்வானா கல்யாணம் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிரியாணி தம் போட்ட தேக்சாவின் பக்கத்தில் பாய் தெர்மாமீட்டரோடு நின்றதாகவும், அண்ணன் துரத்தியதாகவும் கேள்வி. நான் பந்தியில் இருந்தேன்.

கணவருக்கு மாற்றல் வந்து நாங்கள் இப்போது திருச்சியில் இருக்கிறோம். மீன் வளர்ப்பில் எனக்கு என்றைக்கும் பெரிய ஆசை இருந்ததில்லை. தண்ணீர் மாற்றுவதற்கே பொழுது போய்விடும். இருந்தாலும் போன மாதம் ஒரு தொட்டி வாங்கினேன். ஒரு புது ஹீட்டரும் வாங்கினேன். பாய் வீடியோ காலில் வந்து, முதலில் ஐஸ் சொம்பு, பிறகு வாளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சோதிக்க வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“இப்போதைக்கு ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. ரெண்டு வருசம் போகட்டும். லேசா விலக ஆரம்பிக்கும். அப்ப நானே நேர்ல வாரேன்” என்றார்.

தினமும் காலையில் எழுந்ததும் அந்தச் சிவப்பு விளக்கைப் போய்ப் பார்க்கிறேன். சீக்கிரம் பழசாகித் தொலைய மாட்டேன் என்கிறது.